கம்பஸ்ல இருந்துகிட்டே டெப் டான்ஸ் பழகுறது எப்படி

சின்னதுல இருந்து பரதமும் பழகல வேற எந்த டான்ஸும் பழகல, இப்ப கம்பஸ் வந்த பொறகு டெப் டான்ஸ், அதாவது அடியில தகடு பூட்டுன சப்பாத்தால தரையில தாளம் தட்டுற ஆட்டம், ஆரம்பிச்சா சரிவருமான்னு யோசிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காகத்தான் இத எழுதுறேன். தாராளமா ஆரம்பிக்கலாம். டெப்புக்கு உடம்பு வில்லு மாதிரி வளையணும்னு இல்ல, கால தலைக்கு மேல தூக்கணும்னு இல்ல, கணுக்கால் தளர்வா இருக்கணும், காது நல்லா கேக்கணும், ஒரே அடிய சலிக்காம திரும்பத் திரும்ப போடுற பொறுமை வேணும், அவ்வளவுதான். பேராதனையோ, பதுளையோ, பெலிஹுல்ஓயாவோ, பத்தனை கல்வியியல் கல்லூரியோ எங்க இருந்தாலும் பக்கத்துல ஒரு டீச்சர் கெடைச்சா அவங்ககிட்டயே போங்க, அதுக்கு மிஞ்சி ஒண்ணும் இல்ல. அப்படி கெடைக்கலன்னா யூடியூப்பையும் கீழ சொல்றதையும் வச்சே முதல் வருஷத்த நல்லபடியா ஓட்டிரலாம்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல நல்லா பதியணும், டெப்புங்குறது காலால வாசிக்கிற வாத்தியம். பாக்குறதுக்கு எப்படி இருக்குன்னு கவலப்படுறத பொறகு வச்சுக்கலாம், சத்தம் எப்படி கேக்குதுன்னுதான் முதல் நாள்ல இருந்தே பாக்கணும். அது ஏன் அப்படி ஆச்சுங்குறதுக்கு ஒரு வரலாறே இருக்கு. 1739ல அமெரிக்காவோட தென் கரோலினாவுல ஸ்டோனோ ஆத்துப் பக்கம் அடிமையா வச்சிருந்த ஆபிரிக்க ஜனங்க மேளம் அடிச்சுகிட்டு கிளர்ச்சி பண்ணாங்க, அதுக்கு மறு வருஷமே 1740ல அவங்க மேளம் வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. தோலுக் கருவிய புடுங்கலாம், கையையும் காலையும் என்ன பண்ண முடியும், தாளம் தரைக்கும் தொடைக்கும் நெஞ்சுக்கும் எறங்கிருச்சு. பொறகு அயர்லாந்துல இருந்து வந்தவங்களோட ஜிக் ஆட்டமும், இங்கிலாந்து பக்கத்து மரக்கட்டச் சப்பாத்து ஆட்டமும் அதோட கலந்துச்சு, 1840கள்ல நியூயோர்க்ல வில்லியம் ஹென்றி லேன்னு ஒரு கறுப்பின இளைஞர் மாஸ்டர் ஜூபாங்குற பேர்ல அதுல பெரிய பேர் எடுத்தாரு. விடியக் காத்தால வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டுக்கு தப்பு மேளம் அடிச்சு ஆள் எழுப்புன தேயிலத் தோட்டத்துல இருந்து வந்த நமக்கு இந்தக் கதைய யாரும் வெளக்கிச் சொல்ல வேண்டியதில்லன்னு நெனைக்கிறேன்.

இதுல நமக்கு பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. வெளிநாட்டு வீடியோல எல்லாம் ஒன் அண்ட் டூ அண்ட்னு எண்ணிக்கிட்டுத்தான் சொல்லித் தருவாங்க, அது தப்பில்ல, ஆனா நம்மகிட்ட அதவிட நல்ல சாமான் இருக்கு, சொற்கட்டு, அதாவது தாளத்த வாயால சொல்ற சொல்லுங்க. தக, தகிட, தகதிமி, தக தகிட, தகதிமி தகிட. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஏழு. வட இலங்கை சங்கீத சபை பரீட்சைக்கு ஒரு கிரேடாவது படிச்சவங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு, படிக்காதவங்களும் ஒரு சாயந்தரத்துல புடிச்சுக்கலாம். வாயால சுத்தமா சொல்ல முடியாத தாளத்த காலால போட முடியாது, இத ஒரு சட்டமாவே வச்சுக்கங்க. எந்த ஸ்டெப் பழகுனாலும் முதல்ல கையால தொடையில தாளம் போட்டுக்கிட்டு வாயால சொல்லுங்க, பொறகு எழும்பி நில்லுங்க.

சப்பாத்து

டெப் சப்பாத்துல முன்பாதத்துக்கு கீழ ஒரு தகடு, குதிக்கு கீழ ஒரு தகடு இருக்கும், பெரும்பாலும் அலுமினியம், ஸ்க்ரூ போட்டு பூட்டியிருப்பாங்க. ஆரம்பத்துல இத வாங்க ஓடாதீங்க. முதல் ஒண்டு ரெண்டு மாசத்துக்கு அடி தட்டையா, கெட்டியா, லெதர்ல இருக்குற பழைய ஒபிஸ் சப்பாத்து ஒண்ணு போதும், அப்பாவோடது மாமாவோடதுன்னு வீட்டுல ஒண்ணு கெடக்கும். காலுக்கு சரியா இருக்கணும், லூசா இருந்தா சொக்ஸ் ரெண்டு போட்டு சமாளிக்கலாம்னு பாக்காதீங்க, குதி உள்ள ஆடுச்சுன்னா சத்தமும் ஆடும். ரப்பர் அடி இருக்குற ஸ்போர்ட்ஸ் சப்பாத்து வேணவே வேணாம், கால உரசி எடுக்குறப்போ அது தரையப் புடிச்சுக்கும், முட்டிக்கு கேடு.

தொடர்ந்து பழகுவேன்னு ஒங்களுக்கே நம்பிக்க வந்த பொறகு வெளிநாட்டுல சொந்தக்காரங்க இருந்தா அவங்க வரும்போது கொண்டுவரச் சொல்லுங்க, கபேசியோ, ப்ளொக், இந்தக் கம்பனிங்க ரெண்டும் ஆரம்பக்காரங்களுக்கு ஏத்த மாதிரி செய்றாங்க. கயித்தால கட்டுற மொடலா பாத்து எடுங்க, பாதத்த இறுக்கிப் புடிக்கும். தகட்ட மட்டும் எடுத்து இங்க சப்பாத்து தைக்கிறவர்கிட்ட குடுத்து லெதர் அடியில பூட்டிக்கவும் முடியும், ஆனா தகடு அடியோட விளிம்புக்கு சரியா வரணும், வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா தடுக்கிவிடும். நம்ம ஊர்ல பழைய காலத்துல குதிக்கு அடிச்ச இரும்பு லாடம் இதுக்கு ஆகாது, வழுக்கும், சத்தமும் செத்த சத்தமா வரும். அமெரிக்காவுல நியூ ஓர்லியன்ஸ் தெருவுல சின்னப் பசங்க சோடா மூடிய சப்பாத்துக்கு அடியில வச்சு ஆடுவாங்க, இன்னும் ஆடுறாங்க, காசு இல்லங்குறது இந்த ஆட்டத்துக்கு ஒரு காலமும் தடையா இருந்ததில்ல.

தரை

சப்பாத்தவிட இதுதான் முக்கியம், ஆனா நெறைய பேர் கவனிக்கிறதில்ல. சீமெந்து தரையில நேரா ஆடாதீங்க. நம்ம பக்கத்து வீடுகள்ல செவப்பு பொலிஷ் போட்டு மினுக்கி வச்சிருக்குற தரை இருக்கே, அது ரெட்டிப்பு ஆபத்து, கெட்டியாவும் இருக்கும், வழுக்கியும் விடும். சீமெந்துல விழுற அடியோட அதிர்வு முழுக்க கெண்டக்காலுக்கு முன்னால இருக்குற எலும்புக்குத்தான் போகும், ரெண்டு வாரத்துல அங்க வலி புடிச்சா படி எறங்கவே கஷ்டமாயிரும்.

ஹார்ட்வெயார்ல 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஷீட் ஒண்ணு வாங்கி ரெண்டா அறுத்துக்கங்க, 8க்கு 4 அடி ஷீட் ரெண்டு பேருக்கு 4க்கு 4 அடியா பிரியும், கூட்டாளி ஒருத்தரோட சேர்ந்து எடுத்தா செலவும் பாதி. கீழ மெல்லிய மரச்சட்டம் நாலஞ்சு வச்சு ஆணிய கீழ்ப்பக்கமா இருந்து அடிச்சு, அதுக்கும் கீழ பழைய கார்ப்பட் துண்டோ ரப்பர் மெட்டோ போட்டுட்டீங்கன்னா பலகைக்கு ஒரு சின்ன துள்ளல் வந்துரும், சத்தமும் வயித்துல இருந்து வர்ற மாதிரி கனமா வரும். இந்த ஈரத்துல, அதுவும் நுவரெலியா ஹட்டன் தலவாக்கல பக்கம்னா, பலகைய தரையில போட்டபடி விட்டுறக் கூடாது, ஊதி வளைஞ்சிரும், ஆடி முடிச்சதும் செவுத்துல சாத்தி நிமித்தி வைங்க. மினுமினுன்னு வார்னிஷ் அடிக்காதீங்க. கம்பஸ் ஜிம்ல மரத்தரை இருக்குன்னு தகடு பூட்டுன சப்பாத்தோட உள்ள போயிராதீங்க, கீறல் விழும், பொறுப்பானவங்ககிட்ட கேட்டுட்டு ஒங்க பலகைய அங்க கொண்டுபோய் போட்டு ஆடுங்க.

ஹொஸ்டல்ல, போடிங்ல இருக்குறவங்க பக்கத்து ரூம் ஆளுங்ககிட்டயும் வார்டன்கிட்டயும் நேரம் பேசி வச்சுக்கங்க. ராத்திரியில கதிரையில ஒக்காந்து, சொக்ஸ் காலோட, வாயால மெதுவா சொல்லிக்கிட்டே பழகலாம். ஒக்காந்து பழகுறத சின்னதா நெனைக்காதீங்க, கணுக்கால் தனியா வேல செய்ய பழகுறது அப்பதான்.

முதல் அடிகள்

நிக்கிற விதத்துல இருந்து ஆரம்பிப்போம். முட்டி ரெண்டும் லேசா மடங்கி இருக்கணும், எடை முன்பாதத்துல இருக்கணும், குதி தரைய தொட்டும் தொடாம. பரதம் பழகுனவங்க அரைமண்டியில ஒக்காரப் பாப்பாங்க, கண்டி நடனம் பழகுன சிங்களக் கூட்டாளிங்க மண்டியவுக்கு எறங்கப் பாப்பாங்க, ரெண்டுமே இங்க வேணாம், நடந்து போறப்போ இருக்குற ஒசரத்துலயே நில்லுங்க. பரதத்துல தட்டடவு போடுறப்போ முழுப் பாதமும் சேந்து தட்டும், பலம் தொடையில இருந்து வரும். டெப்புல பெரும்பாலான அடி கணுக்கால்ல இருந்து வருது, பாதத்த ரெண்டு கருவியா பிரிச்சுப் பாக்கணும், முன்பாதம் ஒண்ணு, குதி ஒண்ணு. ஒசந்த சத்தம் முன்பாதத்துல, கனத்த சத்தம் குதியில. தப்புல குச்சி மாறுறப்போ சத்தம் மாறுறது காதுல விழுந்து வளந்தவங்களுக்கு இந்த வித்தியாசம் சட்டுனு புரியும்.

எடை மாறுதா இல்லயாங்குறதுதான் ஆரம்பக்காரங்க எல்லாரையும் கொழப்புற எடம். முன்பாதத்தால தரைய தட்டிட்டு எடுத்தா அது வெறும் டெப், எடை மறு கால்லயே இருக்கும். தட்டி அதுலயே ஏறி நின்னா அது ஸ்டெப். அதே மாதிரி முழுப் பாதத்தால தட்டி எடுத்தா ஸ்டொம்ப், தட்டி நின்னா ஸ்டாம்ப். சரியா பண்றீங்களான்னு பாக்க, ஒவ்வொரு அடி முடிஞ்சதும் அப்படியே நிப்பாட்டி மத்தக் கால தூக்கிப் பாருங்க, தள்ளாடாம தூக்க முடிஞ்சா எடை மாறிருச்சு.

இப்ப ஷஃபிள். இதுக்கு நேரம் செலவழிங்க, மத்த எல்லாம் இதுல இருந்துதான் வருது. சன்னல் கம்பியையோ கதிரை முதுகையோ லேசா புடிச்சுக்கிட்டு எடது கால்ல நில்லுங்க. வலது கால முட்டியில இருந்து கொஞ்சம் தூக்கி பாதத்த தொங்க விடுங்க, மழையில நனைஞ்ச செருப்புல இருந்து தண்ணிய உதறுற மாதிரி முன்னால உதறுங்க, போற வழியில முன்பாதம் தரைய ஒரு தரம் உரசும், அது ப்ரஷ். அப்படியே பின்னால இழுங்க, திரும்ப ஒரு தரம் உரசும், அது ஸ்பாங்க். ரெண்டும் சேந்தா ஷஃபிள், வாயால "தக". பாதம் முன்னால போற தூரம் ஒரு ஜாண் இருந்தா போதும், நெறைய பேர் பந்து ஒதைக்கிற அளவுக்கு வீசுவாங்க, அப்படி வீசுனா வேகமே வராது. ரெண்டு சத்தமும் ஒண்ணா குழஞ்சு "சர்ர்"னு வந்தா கணுக்கால் எறுகியிருக்குன்னு அர்த்தம். விரல சப்பாத்துக்குள்ள மடக்கி வச்சிருக்கீங்களான்னு பாருங்க, முக்காவாசி நேரம் அதுதான் காரணம்.

போன்ல வீடியோ எடுக்காம வொய்ஸ் ரெக்கோர்ட் மட்டும் எடுத்து கண்ண மூடி கேளுங்க. வீடியோ பாத்தா கண்ணு மொகத்தையும் கையையும்தான் பாக்கும், சத்தத்த மட்டும் கேட்டா ரெண்டாவது "க" பலவீனமா விழுறது, எடது கால் பிந்துறது எல்லாம் தெளிவா தெரிஞ்சுரும். எடது கால் எப்பவுமே கொஞ்சம் பின்தங்கும், அதுனால எந்தப் பயிற்சியையும் எடதுல தொடங்கி எடதுல முடிங்க.

ஷஃபிள் பண்ணி அதே கால்ல ஸ்டெப் வச்சா மூணு சத்தம், தகிட. கால மாத்தி மாத்தி தகிட தகிடன்னு போகலாம். முன்னால ஒரு ப்ரஷ் பண்ணி அப்படியே அதுல ஏறி நின்னா ஃப்ளாப், ரெண்டு சத்தம், அதோட குதிய எறக்குனா மூணு. முன்பாதம் வலது, முன்பாதம் எடது, குதி வலது, குதி எடதுன்னு வரிசையா விட்டா க்ரேம்ப் ரோல், நாலு சத்தம், தகதிமி. ஒரே கால்ல குதி நுனியால முன்னால தட்டி, முன்பாதத்த பின்னால உரசி, முன்பாதத்துல ஏறி, குதிய எறக்குனா அது பெடல் அண்ட் ரோல், இதுவும் தகதிமிதான், நல்லா வந்துருச்சுன்னா உருட்டுச் சத்தம் மாதிரி நிக்காம ஓடும். வலதுல ஃப்ளாப், எடதுல ஃப்ளாப்போட குதி, இப்படி போட்டா தக தகிட, அஞ்சு சத்தம், கண்ட நடை கையில வந்துருச்சு. இதெல்லாம் பெரும்பாலான வீடியோல இப்படி சொல்லித் தர மாட்டாங்க, நம்ம பிள்ளைங்களா சேந்து கண்டுபுடிக்க வேண்டிய எடம் இது, எனக்கு இதுல இருக்குற ஆசையே அதுதான்.

குதிய எறக்கி கனத்த சத்தத்த தாளத்துக்குள்ள கொண்டு வந்தவர் ஜோன் பபிள்ஸ்ங்குற அமெரிக்க டெப் ஆட்டக்காரர். அவருக்கு முந்தி பில் ரொபின்சன், போஜாங்கிள்ஸ்னு கூப்புடுவாங்க, அவரு முன்பாதத்துல நிமிந்து நின்னு லேசா, சுத்தமா ஆடுவாரு. அவரு 1878 மே 25ல பொறந்தவரு, அந்த நாளத்தான் 1989ல இருந்து அமெரிக்காவுல டெப் டான்ஸ் நாளா கொண்டாடுறாங்க. ரெண்டு பேரோட ஆட்டத்தையும் பழைய கறுப்பு வெள்ள படத்துல தேடிப் பாருங்க, பொறகு கிரெகரி ஹைன்ஸ், சேவியன் குளோவர், மிஷெல் டொரன்ஸ்னு பிந்தி வந்த ஆட்டக்காரங்ககிட்ட வாங்க. டேட்டா செலவு இருக்குதான், ராத்திரி பெக்கேஜ்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்கிட்டு ஒரே துண்ட பாதி வேகத்துல போட்டுக் கேளுங்க.

வேகமும் ஸ்விங்கும்

போன்ல சீரா தட்டி வேகம் காட்டுற மெட்ரோனோம் எப் ஒண்ணு போட்டுக்கங்க, 60ல, அதாவது நிமிசத்துக்கு 60 அடியில வைங்க, ஒரு அடிக்கு ஒரு சத்தம். அலுப்பாத்தான் இருக்கும், ஆனா மெதுவா ஆடுறதுதான் கஷ்டம், வேகத்துல தப்பு மறைஞ்சுக்கும். பொறகு அதே 60ல அடிக்கு ரெண்டு சத்தம், பொறகு மூணு, பொறகு நாலு. சுத்தமா கேட்டா மட்டும் 64, 68ன்னு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. சனிக்கெழம மூணு மணித்தியாலம் ஆடுறதவிட தெனம் இருவது நிமிசம் ஆடுறது எவ்வளவோ மேல்.

ஜாஸ் பாட்டுக்கு ஆடுறப்போ ஸ்விங்னு ஒண்ணு வரும், நோட்ஸ் சமமா விழாம நீளம் குட்டை நீளம் குட்டைன்னு போகும். இத எண்ணிக்கையில வெளக்கப் போனா தலை சுத்தும், தகிடன்னு சொல்லுங்க, நடுவுல இருக்குற "கி"ய வாயத் தொறக்காம விழுங்கிட்டு "த", "ட" ரெண்ட மட்டும் சொல்லுங்க. த..ட த..ட த..ட. அதுதான் ஸ்விங்குக்கு கிட்டத்தட்ட சரியான எடம். அதே இடைவெளியில ஷஃபிள் போட்டீங்கன்னா சாதாரண ஷஃபிளே ஆட ஆரம்பிச்சிரும்.

உடம்பு

விடியக் காத்தால பனியில எழும்பி நேரா பலகையில ஏறாதீங்க. கணுக்கால வட்டமா சுத்தி, செவுத்த தள்ளி கெண்டக்கால நீட்டி, படியில குதிய எறக்கி ஏத்தி, உடம்பு சூடான பொறகு சப்பாத்து போடுங்க. தப்ப நெருப்புல காட்டி தோல இறுக்காம யாரும் அடிக்க மாட்டாங்க தானே, காலுக்கும் அந்த மரியாதைய குடுங்க. கெண்டக்காலுக்கு முன்பக்கம் எலும்போட ஓரமா வலிச்சா அன்னைக்கு நிப்பாட்டுங்க, பல்ல கடிச்சுக்கிட்டு ஆடி ஒண்ணும் வெல்ல முடியாது, ஓய்வெடுத்தும் போகலன்னா கம்பஸ் ஹெல்த் சென்டர்ல காட்டுங்க.

கூட ஆட ஆள் சேருங்க

தனியா பழகலாம், ஆனா தனியாவே இருந்தா டெப் முழுசா வராது. அஞ்சாறு பேர் சேந்ததும் ஷிம் ஷாம் பழகுங்க. 1920கள் கடைசியில லெனர்ட் ரீட், வில்லி பிரையண்ட்னு ரெண்டு பேர் உருவாக்குன ஆட்டம், உலகத்துல எந்த டெப் ஆட்டக்காரங்க கூடுனாலும் கடைசியில எல்லாரும் சேந்து ஆடுறது இதுதான், நாளைக்கு நீங்க எந்த நாட்டுக்கு படிக்கப் போனாலும் அங்க இருக்குறவங்களோட வரிசையில நின்னு ஆடலாம். நாலே பகுதி, மொத்தம் 32 பார், ஒரு பார்னா நாலு அடி. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, எட்டு எட்டா எண்ணுறப்போ முதல் அடி 1ல விழாது, அதுக்கு முந்துன 8லயே விழும். நம்ம கணக்குல அதீத எடுப்பு. சங்கீதம் படிச்ச ஒருத்தர பக்கத்துல வச்சுக்கிட்டா மத்தவங்க அவங்களப் பாத்து புடிச்சுக்குவாங்க.

அது வந்த பொறகு வட்டமா நின்னு ஆளுக்கு நாலு நாலு பார் மாத்தி மாத்தி ஆடுங்க. ஒருத்தர் போட்டத கேட்டு அடுத்தவர் அதுக்கு பதில் சொல்லணும், தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் பேசிக்கிற மாதிரியான முறைதான். தப்பு அடிக்கத் தெரிஞ்ச பையன் உங்க பெட்ச்ல ஒருத்தனாவது இருப்பான், மாசி பங்குனியில காமன் கூத்துக்கு ஊருக்குப் போய் அடிச்சிட்டு வர்றவன். அவன கூப்புடுங்க, தயவு செஞ்சு கூப்புடுங்க. கம்பஸ் வந்ததும் தப்பு அடிப்பேன்னு சொல்லவே கூச்சப்படுற பிள்ளைங்க இருக்காங்க, அவங்ககிட்ட இருக்குற தாள அறிவு முன்னால நம்ம எல்லாரும் மாணவங்கதான். அவன் அடிக்கிறத நீங்க காலால திருப்பிச் சொல்லப் பாருங்க, சிங்களக் கூட்டாளி கண்டி நடனத்துக்கு அடிக்கிற கெட்ட பெர மேளத்தோட வந்தா அதையும் சேத்துக்கங்க.

கலை விழாவுல மேடை ஏறுற அளவுக்கு வந்துட்டீங்கன்னா பாட்டு ட்ரெக்க பெரிய சத்தத்துல போட விடாதீங்க, கால் சத்தம் கேக்காட்டி சனங்களுக்கு நீங்க சும்மா குதிக்கிற மாதிரித்தான் இருக்கும். ஒங்க பலகைய மேடையில போட்டு விளிம்ப டேப்பால ஒட்டி, சின்ன மைக் ரெண்ட பலகைக்கு பக்கத்துல தரையோட படுக்க வச்சு, கீழ துணி மடிச்சு வைங்க, இல்லாட்டி அதிர்வு மைக்குக்குள்ள ஏறி "டம் டம்"னு இரையும். சவுண்ட் பாக்குறவர்கிட்ட முன்கூட்டியே பேசி, ஹோலுக்கு கடைசி வரிசையில ஒருத்தர நிக்க வச்சு ஷஃபிள்ல ரெண்டு சத்தமும் தனித்தனியா கேக்குதான்னு கேட்டுக்கங்க. ஏறுறதுக்கு முந்தி ஒவ்வொரு தகட்டோட ஸ்க்ரூவையும் இறுக்கிருங்க, ஸ்க்ரூ ட்ரைவர் ஒண்ணு எப்பவும் பேக்ல கெடக்கட்டும்.